துளையிட்ட மீன் தொட்டிக்குக் குழாய் அமைத்தல்

துளையிட்ட மீன் தொட்டி என்பது, நீர் வெளியேறுவதற்காகவும் திரும்பி வருவதற்காகவும் கண்ணாடியில் முன்கூட்டியே துளைகள் இடப்பட்ட மீன் வளர்ப்புத் தொட்டி ஆகும். இத்துளைகளில் குழாய்கள் பொருத்தப்பட்டு, தொட்டிக்குக் கீழே உள்ள இன்னொரு சிறு தொட்டியுடன் இணைக்கப்படுகின்றன. மேல்தொட்டியின் நீர் தானாகக் கீழே வடிகிறது. கீழ்த்தொட்டியில் அது வடிகட்டப்படுகிறது. பிறகு மோட்டார் அதை மீண்டும் மேலே ஏற்றுகிறது. கீழ்த்தொட்டியை மீன் வளர்ப்போர் 'சம்ப்' என்று அழைப்பர். வீடுகளில் குடிநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் இதே பெயர் வழங்குகிறது.

இவ்வமைப்பால் மேல்தொட்டியில் நீர்மட்டம் மாறாமல் இருக்கும். நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் நீங்கும். வடிகட்டி, வெப்பமானி முதலியவை கண்ணுக்குத் தெரியாமல் கீழே அமையும். ஆனால் கண்ணாடியில் ஒரு துளை இருக்கிறது என்றால், அதன் வழியாக முழுத் தொட்டியும் வீட்டுத் தரையில் வடிந்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது. எனவே குழாய் அமைக்கும் வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீர் எப்படி ஓடும் என்பதன்று. மின்சாரம் நின்றால் நீர் எங்கே நிற்கும் என்பதே ஆகும்.

மடையும் கலிங்கும்

இவ்வமைப்பின் அடிப்படையைக் கண்மாய்களைக் கொண்டு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நீர் கண்மாய்களில் தேக்கப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாய் இவற்றுள் ஒன்று.

கண்மாயிலிருந்து நீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மடை. இது கரையின் அடிப்பகுதியில் இருக்கும். வயலுக்குத் தேவையானபோது திறக்கப்படும், தேவையற்றபோது மூடப்படும். மற்றொன்று கலிங்கு. இது கரையின் மேற்பகுதியில் கல்லால் கட்டப்பட்ட தாழ்வான பகுதி. இதைத் திறக்கவோ மூடவோ ஆள் வேண்டியதில்லை. நீர் அதன் உயரத்தை எட்டியதும் தானே வழிந்து ஓடும். இதையே கண்மாய் 'மறுகால் பாய்கிறது' என்பர். மறுகால் நீர் கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குச் செல்லும். கண்மாயில் நிற்கக்கூடிய நீரின் உயரத்தை முடிவு செய்வது மடையன்று, கலிங்கே. கலிங்கு அடைபட்டால் நீர் கரைக்கு மேல் ஏறிக் கரையை உடைக்கும்.

மீன் தொட்டியின் துளை பெரும்பாலும் அடிக்கண்ணாடியிலோ பின்கண்ணாடியிலோ இருக்கும். அடியில் உள்ள துளை இடத்தால் மடை போன்றது. அதை அப்படியே விட்டால் கடைசிச் சொட்டு வரை வடிந்துவிடும். அத்துளையில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தினால், நீர் அக்குழாயின் வாய் உயரத்தை எட்டிய பிறகே வெளியேறும். அடியில் உள்ள துளை இப்போது கலிங்கின் வேலையைச் செய்கிறது. கீழ்த்தொட்டி அடுத்த கண்மாயின் இடத்தில் இருக்கிறது. கண்மாயின் மறுகால் திரும்பி வருவதில்லை. மீன் தொட்டியிலோ மோட்டார் அதைத் திரும்ப ஏற்றுகிறது. மின்சாரம் நின்றால் மோட்டார் மட்டுமே நிற்கும், புவியீர்ப்பு நிற்பதில்லை. ஆகவே நீர்மட்டத்தை மோட்டாரோ வால்வோ காக்கக் கூடாது. குழாய் வாயின் உயரமே காக்க வேண்டும்.

உறுப்புகள்

டேங்க் நிப்பிள்: கண்ணாடித் துளையில் குழாயை நீர் கசியாமல் இணைக்கும் உறுப்பு. ஒரு பக்கம் அகன்ற தலை, நடுவில் மரையுள்ள கழுத்து, மறுபக்கம் நட்டு, இடையில் ரப்பர் வாஷர் ஆகியவற்றைக் கொண்டது. மாடித் தொட்டிகளில் பொருத்தப்படுவதும் இதே வகைதான்.

வழிவுப் பெட்டி: துளையைச் சுற்றித் தொட்டிக்குள் ஒட்டப்படும் தடுப்பு. இதன் மேல்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற வெட்டுகள் இருக்கும். நீர் இதன் மேல் வழிந்தே வடிகுழாயை அடையும். மீன்கள் உள்ளே போகாமலும் இது தடுக்கிறது.

வடிகுழாய்: மேலிருந்து கீழ்த்தொட்டிக்கு நீரை இறக்கும் குழாய்.

ஏற்றுக்குழாய்: மோட்டாரிலிருந்து மேல்தொட்டிக்கு நீரைக் கொண்டுசெல்லும் குழாய்.

யூனியன், வால்வு: யூனியன் என்பது குழாயை அறுக்காமல் கழற்ற உதவும் இணைப்பு. வால்வு ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும்.

எல்லா உறுப்புகளும் பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருப்பது நல்லது. பித்தளை வால்விலிருந்து கரையும் செம்பும், கால்வனைஸ் செய்த இரும்புக் குழாயிலிருந்து கரையும் துத்தநாகமும் மீன்களுக்குத் தீங்கு தரும். இறால், நத்தை போன்றவை மிகச் சிறிய அளவுச் செம்பாலும் இறந்துவிடும்.

துளையை அளத்தலும் குழாயைத் தெரிவு செய்தலும்

துளை முன்பே இடப்பட்டுவிட்டதால், துளைக்கு ஏற்ற நிப்பிளைத் தேட வேண்டும். நிப்பிளுக்கு ஏற்பத் துளையைப் பெரிதாக்க முயலக் கூடாது. பதப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் துரப்பணம் பட்டவுடன் முழுப் பலகையும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியிலும் துளையின் விளிம்பில் வெடிப்பு உண்டாகும்.

ஒரு அங்குல நிப்பிளுக்கு ஒரு அங்குலத் துளை போதாது. 'ஒரு அங்குலம்' என்பது குழாயின் அளவைக் குறிக்கும். நிப்பிளின் கழுத்து அதைவிடத் தடித்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்வளவு மாறும். எனவே துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். கழுத்து துளையைவிட 1 முதல் 2 மி.மீ. வரை சிறியதாக இருக்கலாம். நிப்பிளின் தலையும் வாஷரும் துளையைச் சுற்றிலும் கண்ணாடியில் முழுமையாகப் படிய வேண்டும். துளையின் விளிம்பில் சில்லுப் பெயர்ந்திருந்தால், அந்தச் சில்லு வாஷருக்குள் மறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் ஒரே பெயரில் வெவ்வேறு அளவுக் குழாய்கள் கிடைப்பது இன்னொரு சிக்கல். வேளாண்மைக்குப் பயன்படும் பிவிசி குழாய்கள் வெளிவிட்டத்தால் குறிக்கப்படுகின்றன: 20, 25, 32, 40, 50 மி.மீ. என்று வரும். வீட்டுக் குழாய் வேலைக்கான யுபிவிசி குழாய்கள் அங்குலத்தால் குறிக்கப்படுகின்றன. ஒரு அங்குல யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. அதற்கு நெருக்கமான வேளாண் குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. ஒரு அங்குல சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. மட்டுமே. ஒரு வகையின் எல்போ மற்றொரு வகைக் குழாயில் இறுகப் பொருந்தாது. பசையை அதிகம் பூசிச் சமாளித்த இணைப்பு சில வாரங்களில் கசியும். குழாய், எல்போ, டீ, யூனியன் அனைத்தையும் ஒரே வகையில் வாங்க வேண்டும்.

டேங்க் நிப்பிள் பொருத்தும் முறை

1. துளையைச் சுற்றிய கண்ணாடியின் இரு பக்கங்களையும் துடைத்து, பழைய சிலிக்கான், தூசி, எண்ணெய் ஆகியவற்றை நீக்க வேண்டும்.

2. நிப்பிளின் தலை தொட்டியின் உட்பக்கமும், நட்டு வெளிப்பக்கமும் இருக்குமாறு நுழைக்க வேண்டும்.

3. ரப்பர் வாஷர் தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே, நீர்ப்பக்கம் இருக்க வேண்டும். நட்டின் பக்கம் வைத்தால், இறுக்கும்போது நட்டு வாஷரைத் திருகி மடக்கிவிடும்.

4. வாஷரில் சிலிக்கான் பூசத் தேவையில்லை. அது வாஷரை வழுக்கச் செய்து இடம் பெயர்த்துவிடும். கழுத்தின் வெளிமரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதாலும் பயனில்லை. அங்கே நீரைத் தடுப்பது மரையன்று, வாஷர்.

5. நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு கருவியால் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். கண்ணாடி கீறல் விடுவது பெரும்பாலும் கூடுதலாக இறுக்குவதால்தான். சில வகை நிப்பிள்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குழாய்களை முதலில் பசையின்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். உயரங்கள் சரியாக அமைந்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் பேனாவால் குறியிட்டு, பிரித்து, வெட்டுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்து, சால்வென்ட் சிமென்ட் பூசி ஒட்டலாம். பூசியதும் குழாயைக் கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீர் விடுவதற்கு முன் 24 மணி நேரம் உலரவிடுவது பாதுகாப்பானது. வழிவுப் பெட்டிக்குள் நிற்கும் குழாயை மட்டும் ஒட்டாமல் விடலாம். சுத்தம் செய்யும்போது அதை உருவி எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் வழிவுப் பெட்டி இல்லாத தொட்டியில் இக்குழாய் கழன்றால் தொட்டி முழுவதும் வடிந்துவிடும் என்பதால், அங்கே அதை உறுதியாகப் பொருத்துவது அவசியம்.

வடிகுழாய் வகைகள்

வெறும் திறந்த குழாயில் நீர் விழும்போது காற்றையும் சேர்த்து இழுக்கும். அதனால் 'களக் களக்' என்ற ஓசை இரவும் பகலும் கேட்கும். இதைத் தவிர்க்க மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன.

டர்சோ முறை: ஒரே வடிகுழாய். அதன் உச்சியில் ஒரு டீயும், கீழ்நோக்கிய எல்போவும் பொருத்தப்படும். நீர் மேற்பரப்புக்குக் கீழிருந்து உறிஞ்சப்படும். டீயின் மூடியில் உள்ள சிறு துளை வழியாகக் காற்று சென்று ஓசையைக் குறைக்கும்.

ஹெர்பி முறை: இரண்டு குழாய்கள். ஒன்றில் வால்வு வைத்து, காற்றே இல்லாமல் முழுக் குழாயும் நீரால் நிரம்பி ஓடும்படி சரிசெய்யப்படும். மற்றது அதைவிட உயரமாக, நீரின்றி வெறுமையாக நிற்கும். முதற்குழாய் அடைபட்டால் நீர் இரண்டாவது வழியாக இறங்கும்.

பீன் அனிமல் முறை: மூன்று குழாய்கள். ஒன்று முழு ஓட்டம், ஒன்று காற்றோடு கூடிய சிறு ஓட்டம், ஒன்று அவசரகாலத்துக்கு.

நிரம்பி ஓடும் குழாய், காற்றோடு ஓடும் அதே அளவுக் குழாயைவிடப் பல மடங்கு நீரைக் கடத்தும். ஆனால் வால்வு உள்ள இடத்தில் நத்தையோ இலையோ சிக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். எனவே இரண்டு துளைகள் உள்ள தொட்டியில், இரண்டையும் வடிகாலாக்கி, ஏற்றுக்குழாயைத் தொட்டியின் விளிம்பின் மேல் வளைத்துக் கொண்டுசெல்வது பாதுகாப்பானது. அவசரக் குழாயில் வால்வு எதுவும் பொருத்தக் கூடாது. அது கலிங்கு. கலிங்குக்குக் கதவு வைப்பதில்லை.

மின்தடைக் கணக்கு

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்அளவு கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஓடும்போது நீர்மட்டம் 40 செ.மீ. என்றால் அதில் 216 லிட்டர் நீர் இருக்கும். இத்தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 5.4 லிட்டர் நீர் உண்டு.

கீழ்த்தொட்டி 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் கொண்டது என்க. ஓடும்போது அதில் 20 செ.மீ. உயரத்துக்கு நீர் இருந்தால், மீதமுள்ள 15 செ.மீ. உயரத்தில் 39 லிட்டர் கொள்ளும்.

மின்சாரம் நின்றவுடன், ஏற்றுக்குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை இது நிற்காது. ஏற்றுக்குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் 10.8 லிட்டர் இறங்கும். குழாய்களிலும் வழிவுப் பெட்டியிலும் உள்ள நீர் ஏறத்தாழ 4 லிட்டர் எனக் கொண்டால் மொத்தம் 14.8 லிட்டர். கீழ்த்தொட்டியின் மட்டம் 5.6 செ.மீ. மட்டுமே உயரும். எந்தச் சேதமும் இல்லை.

அதே குழாயின் வாயை, அழகுக்காகவோ நீரோட்டத்துக்காகவோ 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 54 லிட்டரும், குழாய்களின் 4 லிட்டரும் சேர்ந்து 58 லிட்டர் இறங்கும். கீழ்த்தொட்டியில் இடம் 39 லிட்டர்தான். மீதி 19 லிட்டர் தரைக்கு வரும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலோ நள்ளிரவிலோ மின்தடை ஏற்பட்டால் இதைத் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். மின்சாரம் திரும்பி வரும்போது இன்னொரு இடரும் உண்டு. சுற்றிவர வேண்டிய நீரில் 19 லிட்டர் குறைந்திருப்பதால் கீழ்த்தொட்டியின் மட்டம் தாழும். மோட்டார் போதிய நீரின்றி ஓடிப் பழுதாகலாம்.

ஏற்றுக்குழாயில் ஒருவழி வால்வு வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அதன் இதழில் பாசியோ மணலோ சிக்கினால் அது முழுமையாக மூடாது. ஏற்றுக்குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை இடுவதும் வழக்கம். மட்டம் இறங்கியதும் அத்துளை காற்றை உள்ளே விட்டு ஓட்டத்தை நிறுத்தும். அத்துளையும் பாசியால் அடைபடக்கூடியது. இவ்விரண்டையும் கூடுதல் காப்பாகக் கொள்ளலாம். கணக்கு மட்டும் இவை இல்லை என்று கொண்டே போடப்பட வேண்டும்.

வடிகால் அடைபட்டால்

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. வடிகுழாய் அடைபட்டு மோட்டார் மட்டும் ஓடினால், கீழ்த்தொட்டியின் மோட்டார் அறையில் உள்ள நீர் முழுவதும் மேலே ஏறிவிடும். அந்த அறை 25 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீரும் கொண்டதென்றால் அதில் 17.5 லிட்டர் உண்டு. மேல்தொட்டியில் இது 3.2 செ.மீ. உயர்வு. மேலே 5 செ.மீ. இடம் விடப்பட்டிருப்பதால் நீர் வழியாது. மோட்டார் அறையைப் பெரிதாக வைத்தாலோ, மேல்தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலோ வழியும். மோட்டார் அறை கொள்ளும் நீர், மேல்தொட்டியின் வெற்றிடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நினைவில் கொள்ளத்தக்க விதி.

மோட்டார்

ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் ஏறத்தாழ 5 முறை கீழ்த்தொட்டியைச் சுற்றி வருமாறு அமைப்பது நன்னீர் மீன்களுக்குப் பொதுவாகப் போதும். மேலே கூறிய தொட்டிக்கு இது மணிக்கு 1,080 லிட்டர். மோட்டார் பெட்டியில் அச்சிடப்பட்ட அளவு, நீரை உயர்த்தாத நிலையில் கிடைப்பது. உயரம் கூடக்கூட அது குறையும். உண்மையான ஓட்டத்தை அறிய, ஏற்றுக்குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்க்கலாம். வாளி 33 நொடியில் நிரம்பினால் மணிக்கு ஏறத்தாழ 1,080 லிட்டர் ஆகும். ஓட்டம் கூடுதலாக இருந்தால் ஏற்றுக்குழாயின் வால்வால் குறைக்கலாம்.

மோட்டாரின் மின்கம்பி, சுவிட்ச் பலகையை அடைவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி உள்ள இணைப்பில் மட்டுமே மோட்டாரைப் பொருத்துவது உயிர்ப் பாதுகாப்புக்கு அவசியம்.

சோதனை

மீன்களை விடுவதற்கு முன் வெறும் நீரால் சோதிக்க வேண்டும். நிப்பிள்களின் அடியில் செய்தித்தாளை விரித்துவைத்தால் ஒரு சொட்டும் தெரிந்துவிடும். கால் பங்கு, அரைப் பங்கு, முழு அளவு என்று படிப்படியாக நிரப்பி, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். முழு அளவில் 24 மணி நேரம் விட வேண்டும்.

பிறகு மோட்டாரை ஓடவிட்டு, இரு தொட்டிகளின் மட்டத்தையும் டேப்பால் குறிக்க வேண்டும். அடுத்து மோட்டாரை நிறுத்தி, கீழ்த்தொட்டியின் நீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து அங்கே இன்னொரு குறியிட வேண்டும். மீண்டும் ஓடவிட்டு, வடிகுழாயின் வாயைக் கையால் அடைத்து, அவசரக் குழாய் வேலை செய்கிறதா என்றும், அதையும் அடைத்தால் மேல்தொட்டி வழியாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று சோதனைகளிலும் தரை உலர்ந்திருந்தால் மட்டுமே அமைப்பு முடிந்ததாகக் கொள்ளலாம்.

பராமரிப்பு

ஓடும் மட்டத்துக்கான குறியைத் தாண்டிக் கீழ்த்தொட்டியில் நீர் ஊற்றக் கூடாது. ஆவியாகும் நீரை ஈடுகட்டும்போது, நாள்தோறும் ஊற்றும் சலிப்பால் ஒரேயடியாக நிரப்பிவிடுவது பொதுவான தவறு. அன்றே மின்தடை வந்தால் கீழ்த்தொட்டியில் இடம் இருக்காது. கோடைக்காலத்தில் ஆவியாதல் கூடுதல் என்பதால் இக்குறி அப்போது மேலும் முக்கியமாகிறது.

மாதம் ஒரு முறை சீப்புப் பற்களிலும் வடிகுழாய் வாயிலும் உள்ள பாசியை நீக்கி, மோட்டாரை நிறுத்திப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கலிங்கையும் மறுகால் ஓடையையும் செப்பனிடுவது கண்மாய்ப் பராமரிப்பில் வழக்கம். மீன் தொட்டிக்கு மழைக்காலம் என்று ஒன்றில்லை, மின்தடை எந்த நாளும் வரலாம். அதனால் இவ்வேலை ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது.